பச்சைக் குழந்தைக்கு மயக்க மருந்து குடுக்கிறது எப்படி: ராத்திரி போன் வர்றதுல இருந்து காலைல பால் குடிக்கிற வரைக்கும்

ராத்திரி ஒன்பது மணிக்கு போன் வரும். "சார், குழந்தைகள் சர்ஜரி பிஜி பேசுறேன், நேத்து ராத்திரி பிறந்த குழந்தை, மலத்துவாரம் இல்ல, வயிறு உப்பிக்கிட்டே வருது, 108 ல இப்பதான் வந்துச்சு, 3 கிலோ, கொலாஸ்டமி போடணும், எப்ப எடுக்கலாம்?" கொலாஸ்டமின்னா பெருங்குடல வயித்துல வெளிய திறந்து, மலம் பையில வர்ற மாதிரி பண்றது.

புதுசா சேர்ந்த பிஜிக்கு (மேல்படிப்பு டாக்டர்) இந்த இடத்துல வயித்தக் கலக்கும், எனக்கும் கலக்குச்சு. பெரியவங்களுக்கு நூறு கேஸ் குடுத்தவங்க கூட பச்சைக் குழந்தைன்னா கொஞ்சம் பின்வாங்குவாங்க, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. அதனால இந்த ஒரு குழந்தையவே வச்சுக்கிட்டு போன் வர்றதுல இருந்து கடைசி வரைக்கும் வரிசையா எழுதுறேன், நடுநடுவுல வேற ஆபரேஷன்ல எது மாறும்னும் சொல்றேன். அனஸ்தீஷியா படிக்கிறவங்க, சின்ன ஊர்ல எப்பவாவது இந்த மாதிரி கேஸ் பாக்கிறவங்க, தியேட்டர் டெக்னீசியன், சிஸ்டர்ஸ் எல்லாருக்கும்தான் இது. ஆனா இத படிச்சுட்டு தனியா போய் குடுத்துடாதீங்க, முதல் இருபது கேஸாவது ஒரு சீனியர் பக்கத்துல நிக்கட்டும்.

படி 1: போன்லயே கேட்க வேண்டியது

முதல் கேள்வி எத்தன வாரத்துல பிறந்துச்சுன்னு. "ஒரு நாள் குழந்தை"ன்னா பாதி விஷயம்தான் தெரியுது. 37 வாரத்துக்கு முன்னாடி பிறந்திருந்தா அது குறைமாசம், நுரையீரல், மூளைல மூச்ச கட்டுப்படுத்துற இடம், லிவர் எல்லாமே இன்னும் ரெடி ஆகல. இதுல ஏமாத்துற கேஸ் எதுன்னா ஹெர்னியா (குடலிறக்கம்). அம்மா "மூணு மாசக் குழந்தை சார்"னு சொல்லுவாங்க, பாக்கவும் கொழுகொழுன்னு இருக்கும், கேட்டா 28 வாரத்துல பிறந்திருக்கும். 28 கூட 13 வாரம் சேத்தா 41 வாரம்தான், அதாவது இப்பதான் பிறந்த குழந்தை மாதிரி. இந்தக் கணக்குல 60 வாரம் தாண்டாத குறைமாசக் குழந்தைக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் மூச்சு நின்னு போற வாய்ப்பு இருக்கு, ரத்தம் கம்மியா இருந்தா இன்னும் அதிகம், அதனால அவசரம் இல்லாத ஆபரேஷன தள்ளி வைக்க முடிஞ்சா தள்ளி வைங்க, முடியலைன்னா என்ஐசியு (பச்சைக் குழந்தை ஐசியு) பெட் உறுதி ஆனப்புறம் எடுங்க.

ரெண்டாவது, விட்டமின் கே ஊசி போட்டாச்சான்னு. நிறைமாசக் குழந்தைக்கு பிறந்ததும் 1 மி.கி. தசையில போடணும், வீட்லயோ ஆம்புலன்ஸ்லயோ பிறந்திருந்தா விட்டுப் போயிருக்கும்.

மூணாவது, எடை. "சுமார் மூணு கிலோ"ங்கற பேச்சே கூடாது, இன்னைக்கு எடை போட்டு கிராம்ல சொல்லச் சொல்லுங்க, எல்லா கணக்கும் இது மேலதான் நிக்கப் போகுது.

மலத்துவாரம் இல்லாம பிறந்த குழந்தைக்கு முதுகெலும்பு, இதயம், உணவுக்குழாய், கிட்னி, கை இதுலயும் குறை சேர்ந்து வரலாம். அதனால மூக்கு வழியா வயித்துக்கு டியூப் இறங்குச்சான்னு கேளுங்க, இறங்கலைன்னா உணவுக்குழாயும் அடைச்சிருக்கு, கேஸோட கதையே மாறிடும். எக்கோ (இதய ஸ்கேன்) பாத்தாச்சா? நேரம் இருக்கு சார், இந்த கேஸ்ல மலம் எந்த வழியா வருதுன்னு பாக்க சர்ஜன்களே ஒரு நாள் வரைக்கும் காத்திருப்பாங்க, அந்த நேரத்துல எக்கோ முடிச்சிடலாம்.

படி 2: குழந்தையப் போய் பாருங்க, பாட்டியோடயும் பேசுங்க

போன்ல கேட்டதோட நிறுத்தாம வார்டுக்கு போயே ஆகணும். நிறம், மூச்சு, அழுகைல தெம்பு இருக்கா, நெஞ்ச அழுத்தி விட்டா நிறம் எவ்வளவு நேரத்துல திரும்புது, உச்சிக்குழி பள்ளமா இருக்கா, டயப்பர் ஈரமா, தாடை உள்ள போயிருக்கா, உதடு அண்ணம் பிளவு இருக்கா. கையில காலுல வசம்பு வளையல், கருப்பு கயிறு கட்டியிருந்தா சொல்லி கழட்ட வைங்க, ஆபரேஷன் நடுவுல கை வீங்குனா அது இறுக்கிடும், துணிக்கு கீழ யாருக்கும் தெரியாது.

பட்டினி நேரம் எல்லாருக்கும் மனப்பாடம்தான்: தண்ணி மாதிரி தெளிவானது 2 மணி நேரம் (ஐரோப்பால இப்ப 1 மணி நேரமே போதும்கிறாங்க), தாய்ப்பால் 4, பவுடர் பால், மாட்டுப்பால் 6. ஆனா நம்ம ஊர்ல கேட்க வேண்டிய கேள்வியே வேற. "ஏம்மா, கடைசியா எப்ப பால் குடுத்தீங்க?"ன்னு கேட்டா ஒண்ணுமே குடுக்கலன்னு சொல்லுவாங்க, அது உண்மைதான், ஆனா பாட்டி சேனை வச்சிருப்பாங்க, சர்க்கரைத் தண்ணி தொட்டு வச்சிருப்பாங்க, சில ஊர்ல கழுதைப்பால், கொஞ்சம் பெரிய குழந்தைன்னா கிரைப் வாட்டர், உரை மருந்து. இதெல்லாம் அவங்க கணக்குல "குடுத்தது"ல வராது. திட்டாம கேளுங்க, "பாட்டிம்மா, வாயில எதாவது தொட்டு வச்சீங்களா, நல்லதுதான், எப்ப வச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க"ன்னா சொல்லிடுவாங்க. அதட்டுனா ஒண்ணும் வராது.

அதே மாதிரி அதிக நேரம் பட்டினியும் போடாதீங்க. காலைல எட்டு மணி ஹெர்னியாவ பன்னெண்டு மணிக்கு எடுத்து, குழந்தை ராத்திரில இருந்து ஒண்ணும் குடிக்காம சர்க்கரை எறங்கி வர்றத நிறைய பாத்துட்டேன். லிஸ்ட்ல சின்னக் குழந்தைதான் முதல்ல.

நம்ம கேஸ்ல குடல் அடைப்பு, எத்தன மணி நேரம் பட்டினி போட்டாலும் வயிறு காலி ஆகாது. டியூப் போட்டு உறிஞ்சணும், தியேட்டர்ல மறுபடியும் உறிஞ்சணும்.

அப்பா அம்மா கேக்கிற கேள்வி, "மயக்க மருந்தால மூளைக்கு எதாவது ஆகுமா சார்?" இதுக்கு நேர்மையான பதில் இருக்கு. 2016 டிசம்பர்ல அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ, மூணு வயசுக்கு கீழ 3 மணி நேரத்துக்கு மேலயோ திரும்பத் திரும்பவோ மயக்க மருந்து குடுத்தா மூளை வளர்ச்சி பாதிக்கலாம்னு எச்சரிக்கை குடுத்தாங்க. ஆனா பல நாட்டுல 700க்கு மேல கைக்குழந்தைகள வச்சு, ஹெர்னியாவுக்கு பாதிப் பேருக்கு செவோஃப்ளூரேன் (மூச்சு வழியா குடுக்கிற மயக்க மருந்து), மீதிப் பேருக்கு முழிச்சிருக்கும்போதே முதுகுல ஊசின்னு பிரிச்சு அஞ்சு வயசு வரைக்கும் பாத்தாங்க, ஒரு மணி நேரத்துக்குள்ள முடியிற மயக்கத்துல ரெண்டு கூட்டத்துக்கும் புத்தில வித்தியாசம் இல்ல, 2019 ல முடிவு வந்துச்சு. நான் சொல்றது இதுதான்: "இந்த ஆபரேஷன தள்ளிப் போட முடியாது, ஒரு மணி நேரம் கிட்டதான் ஆகும், அவ்வளவு நேரத்துக்கு பயப்பட காரணம் இல்லம்மா." அத விட ஆக்சிஜன் குறையறது, பிரஷர் விழறது, சர்க்கரை எறங்கறது இதுதான் மூளைக்கு நிஜ எதிரி, அது நம்ம கையில இருக்கு.

படி 3: தியேட்டர சூடாக்குங்க

ஏசிய நிறுத்துங்க, குழந்தை வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே. 26 ல இருந்து 28 டிகிரி வேணும். சர்ஜன் வேர்க்குதுன்னு முணுமுணுப்பார், துணி போத்தி பெயிண்ட் (கிருமி கொல்ற மருந்து) அடிச்சு முடிக்கிற வரைக்குமாவது பொறுத்துக்கச் சொல்லுங்க. குழந்தைக்கு எடையோட ஒப்பிட்டா தோல் பரப்பு அதிகம், நடுங்கத் தெரியாது, முதுகு கழுத்துல இருக்கிற பழுப்புக் கொழுப்ப எரிச்சுதான் சூடு பண்ணும், அதையும் நம்ம மருந்து நிறுத்திடும். குளிர்ந்த குழந்தை மூச்சு விடாது, மருந்து உடம்ப விட்டுப் போகாது, ரத்தம் உறையாது, கடைசில மூச்சுக்குழாய்ல போட்ட டியூப எடுக்க முடியாம உக்காந்திருப்பீங்க.

தலைக்கு தொப்பி, கை காலுக்கு பஞ்சு ரோல், அதுக்கு மேல பிளாஸ்டிக் ஷீட், கீழ வார்மர். சலைன், கழுவுற தண்ணி, பெயிண்ட் எல்லாம் வெதுவெதுப்பா. குழாய் தண்ணிய கிளவுஸ்ல கட்டி சூடு வைக்கிறத மட்டும் செய்யாதீங்க, தோல் வெந்து போன குழந்தைய பாத்திருக்கேன். வெப்பநிலை ப்ரோப் கட்டாயம், 36.5 ல இருந்து 37.5க்குள்ள இருக்கணும்.

படி 4: மருந்து கலக்கிறது

என்னைக் கேட்டா ஆபத்து அதிகமா இருக்கிறது இந்த இடத்துலதான், டியூப் போடுறதுல கூட இல்ல. ஏன்னா நம்ம ஆம்பூல் எல்லாமே பெரியவங்க அளவுக்கு செஞ்சது, ஒரு புள்ளி தள்ளிப் போனா பத்து மடங்கு.

3 கிலோவுக்கு நான் கலக்கிற விதம் இது. அட்ரோபின் (இதயம் மெதுவாகாம பாத்துக்கிறது) 0.6 மி.கி. ஆம்பூல 6 மி.லி. ஆக்குறேன், அப்ப 1 மி.லி.க்கு 0.1 மி.கி., கிலோவுக்கு 20 மைக்ரோகிராம்னா 0.06 மி.கி., அதாவது 0.6 மி.லி. ஃபெண்டானில் (வலி மருந்து) 100 மைக்ரோகிராம 20 மி.லி. ஆக்கினா 1 மி.லி.க்கு 5 மைக்ரோகிராம், கிலோவுக்கு 1 மைக்ரோகிராம்னா 0.6 மி.லி. சக்ஸா (தசைய சட்டுனு தளர்த்துற மருந்து) வயல்ல இருந்து 1 மி.லி. (50 மி.கி.) எடுத்து 5 மி.லி. ஆக்கினா 1 மி.லி.க்கு 10 மி.கி., கிலோவுக்கு 2 மி.கி.ன்னா 6 மி.கி., அதுவும் 0.6 மி.லி. பாத்தீங்களா, மூணுமே 0.6! நினைவு வச்சுக்க வசதி, சிரிஞ்ச் மாறிப் போனா கண்டுபிடிக்கவே முடியாது. அதனால லேபிள் ஒட்டாத சிரிஞ்ச் என் ட்ரேல இருந்தா யார் கலக்குனதா இருந்தாலும் குப்பைலதான். லேபிள்ல பேர் மட்டும் பத்தாது, 1 மி.லி.க்கு எவ்வளவுன்னும் எழுதணும். கலக்குறவர் ஒருத்தர், சத்தமா படிச்சு சரி பாக்கிறவர் இன்னொருத்தர்.

அட்ராக்யூரியம் (இதுவும் தசைய தளர்த்துறதுதான்) 10 மி.கி.ய 10 மி.லி. ஆக்குங்க, கிலோவுக்கு அரை மி.கி.ன்னா 1.5 மி.லி. அட்ரினலின் 1 மி.கி. ஆம்பூல 10 மி.லி. ஆக்கி தனியா, வேற நிற லேபிளோட, வேற ட்ரேல வைங்க. அவசரத்துல கிலோவுக்கு 0.1 மி.லி., நம்ம குழந்தைக்கு 0.3 மி.லி., கேஸ் தொடங்கும் முன்னாடியே சுவத்துல எழுதி ஒட்டிடுவேன், அந்த நேரத்துல கணக்கு போட மூளை வேலை செய்யாது.

பாராசிட்டமால் பாட்டில தொங்க விடவே விடாதீங்க. அது 1 மி.லி.க்கு 10 மி.கி. 3 கிலோவுக்கு கிலோவுக்கு 7.5 மி.கி.ன்னா 22.5 மி.கி., அதாவது 2.25 மி.லி. "இருபத்திரெண்டரை"ன்னு வாயால சொன்னத கேட்டவங்க மி.லி.ன்னு எடுத்துக்கிட்டு ஏத்தின கதை உலகம் பூரா நடந்திருக்கு. சிரிஞ்ச்ல எடுத்து பம்ப்ல போடுங்க.

பழைய புஸ்தகத்துல அட்ரோபின் 0.1 மி.கி.க்கு குறைச்சு குடுக்கக் கூடாதுன்னு இருக்கும். டியூப் போடுறதுக்கு முன்னாடி குடுக்கிற டோஸுக்கு அந்த குறைந்தபட்ச அளவ 2015 ல அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனே எடுத்துட்டாங்க.

இன்னொரு விஷயம், லைன்ல (ரத்தநாளத்துல மருந்து ஏத்துற குழாய்) காத்துக் குமிழி. பெரியவங்களுக்கு சின்னக் குமிழி பிரச்சினை இல்ல, இந்த குழந்தைக்கு இதயத்துல ஓட்டை இன்னும் மூடல, குமிழி நேரா மூளைக்குப் போகலாம். த்ரீவே, எக்ஸ்டென்ஷன் எல்லாத்தையும் சுண்டி சுண்டி காத்த எடுங்க.

படி 5: டியூப், பிளேடு, மாஸ்க்

எதுலயும் மூணு சைஸ். நிறைமாசக் குழந்தைக்கு கஃப் (டியூப சுத்தி ஊதுற பலூன்) இல்லாத 3.5 டியூப் நடுவுல, பக்கத்துல 3, அப்புறம் 4. குறைமாசத்துக்கு 2.5, 3. எடை 3 கிலோவுக்கு மேல இருந்தா புது வகை மெல்லிய கஃப் உள்ள 3 நம்பர் டியூபும் போடலாம், லீக் தொந்தரவு இல்ல, ஆனா கஃப் பிரஷர 20 செ.மீ. தண்ணிக்கு கீழ வைக்க மீட்டர் வேணும், விரலால அமுக்கிப் பாத்து சொல்றதெல்லாம் நம்ப முடியாது. தொண்டைய பாக்கிற லாரிங்கோஸ்கோப்புக்கு பிளேடு மில்லர் 1, சின்னதுக்கு 0. பல்ப் எரியுதான்னு நீங்களே பாருங்க. வீடியோ லாரிங்கோஸ்கோப் இருந்தா முதல் தடவையே அத எடுங்க, கௌரவம் பாக்காதீங்க. 2020 ல வந்த ஒரு பெரிய ஆய்வுல கைக்குழந்தைகளுக்கு முதல் முயற்சியில டியூப் போறது சாதா பிளேடுல 88 சதவீதம், வீடியோல 93.

எல்எம்ஏ (குரல்வளை மேல உக்கார்ற மாஸ்க்) 1 நம்பர் (5 கிலோ வரைக்கும்) பிரிச்சு வைக்க வேண்டாம், கைக்கு எட்டுற தூரத்துல இருக்கட்டும். சக்ஷன் ஓடுதா? மாஸ்க் சைஸ் 0, 1. அப்புறம் நம்ம ஜாக்சன் ரீஸ், கையால மூச்சு குடுக்கிற பை. லிவர்பூல்ல இருந்த டாக்டர் ஜாக்சன் ரீஸ், 1937 ல பிலிப் அயர் செஞ்ச டி-பீஸ் கடைசியில ஒரு ஓட்டைப் பைய மாட்டி 1950 ல எழுதினார், இன்னைக்கும் நம்ம ஊர் தியேட்டர் எல்லாத்துலயும் அந்தப் பைதான் தொங்குது. வால்வு இல்ல, தடை இல்ல, நுரையீரல் இறுகுறது உடனே கையில தெரியும். பை கிழிஞ்சிருக்கான்னு மட்டும் முன்னாடியே ஊதிப் பாருங்க.

படி 6: மயக்கம், டியூப்

டேபிளுக்கு வந்ததும் சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) ப்ரோப் வலது கையில. இடது கை, கால்ல போட்டா டக்டஸ் (இதயத்துக்குப் பக்கத்துல இன்னும் மூடாத குழாய்) தாண்டின ரத்தத்த பாக்குறீங்க, மூளைக்குப் போறது வலது கை காட்டுறதுதான். இசிஜி, சின்ன பிபி கஃப், நெஞ்சுல ஒரு ஸ்டெதஸ்கோப் ஒட்டி வைங்க. மானிட்டர் எல்லாம் இருக்கும்போது எதுக்கு ஸ்டெதஸ்கோப்னு கேக்காதீங்க, சத்தம் மங்குறது பிபி மெஷின் அளந்து முடிக்கிறதுக்கு முன்னாடியே காதுக்கு வந்துடும்.

மூக்கு டியூபுல வயித்த உறிஞ்சுங்க, குழந்தைய இடம் வலம் திருப்பி மறுபடி உறிஞ்சுங்க. தோளுக்குக் கீழ சின்னதா மடிச்ச துணி வைங்க, பின்தலை பெருசு, அப்படியே படுக்க வச்சா கழுத்து மடிஞ்சு மூச்சுக்குழாய் அடைஞ்சுக்கும். தலைய ரொம்ப நிமித்தவும் கூடாது, மூக்கு மேல பாத்த மாதிரி நேரா இருந்தா போதும்.

இப்ப ஆக்சிஜன். பெரியவங்கள விட கிலோவுக்கு ரெண்டு மடங்கு ஆக்சிஜன் செலவு பண்ற உடம்பு, சேமிச்சு வைக்கிற இடமோ கொஞ்சூண்டு. ரெண்டு நிமிஷம் நல்லா குடுத்திருந்தா கூட மூச்சு நின்னதும் ஒன்றரை நிமிஷத்துல 90க்கு வந்துடும், உப்பின வயித்துல அதுவும் கிடையாது. அதனால பெரியவங்களுக்கு செய்யிற மாதிரி சக்ஸா குடுத்துட்டு மாஸ்க்க எடுத்துட்டு கை கட்டி நிக்கிற வேலையே இல்ல. மெதுவா, 10-12 செ.மீ. பிரஷர்க்குள்ள, பைய விரல் நுனில அமுக்கி மூச்சு குடுத்துக்கிட்டே இருங்க.

லைன் இருந்தா அட்ரோபின், ஃபெண்டானில், கூட செவோஃப்ளூரேன் இல்ல மெதுவா கெட்டமின், அப்புறம் சக்ஸா இல்ல அட்ராக்யூரியம். புரோபோஃபால் பச்சைக் குழந்தைக்கு பிரஷர எறக்கிடும், நான் தொடறது இல்ல. பிறந்த குழந்தைக்கு செவோ 3.3 சதவீதம் வரைக்கும் தேவைப்படும்கிறது உண்மைதான், ஆனா 8 ல திறந்து விட்டு மறந்துட்டா இதயம் அப்படியே சோர்ந்துடும், டயலத் திருப்பறது உங்க கையிலயே இருக்கட்டும். நைட்ரஸ் (சிரிப்பு வாயு) வேண்டாம், அடைச்ச குடல் பலூன் மாதிரி ஊதிடும். முன்னாடி எல்லாம் மயக்கமே இல்லாம முழிச்சிருக்கும்போது டியூப் போடுவாங்க, அது இப்ப போயிடுச்சு, போனது நல்லது.

டியூப் போடும்போது இடது கை சுண்டு விரலால தொண்டைய லேசா அமுக்குங்க, இந்த வயசுல குரல்வளை மேல, கழுத்துல மூணாவது நாலாவது முதுகெலும்பு (சி3-4) கிட்ட இருக்கும், குரல்வளை மூடி நீளமா தொளதொளன்னு ஓமேகா மாதிரி வளைஞ்சிருக்கும். உள்ள போகலைன்னா தள்ளாதீங்க, அரை சைஸ் சின்னது எடுங்க. டெக்னீசியன் சாச்சுரேஷன சத்தமா சொல்லணும், 90 தொட்டதும் வெளிய வந்து மாஸ்க் போடணும். ரெண்டு தடவை முடியலைன்னா ஆள மாத்துங்க. மூணாவது தடவை நீங்களேன்னு பிடிவாதம் பிடிச்சா தொண்டை வீங்கி மாஸ்க்கும் போகாத நிலை வரும்.

ஆழம்: எடையோட 6 கூட்டுங்க, உதட்டுல அந்த செ.மீ. 3 கிலோவுக்கு 9. மொத்த மூச்சுக்குழாயே 4-5 செ.மீ.தான், அரை செ.மீ. மேல வந்தா வெளிய, அரை செ.மீ. கீழ போனா வலது பக்கம். மானிட்டர்ல கார்பன் டை ஆக்சைடு கோடு வந்தாதான் டியூப் உள்ள. ரெண்டு அக்குளும் கேட்டு, அப்புறம் பிளாஸ்டர். பிளாஸ்டர் ஒட்டுறது யாராவது செய்யிற வேலைன்னு விடாதீங்க. நான் படிக்கும்போது ஒரு குழந்தைக்கு தலைய சர்ஜன் பக்கம் திருப்புனாங்க, எச்சில்ல பிளாஸ்டர் நனைஞ்சிருந்தது, சாச்சுரேஷன் எறங்க எறங்க நான் மெஷின குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தேன், டியூப் வாயில இருந்துச்சு. என் சீனியர் ஒண்ணும் பேசாம துணிய தூக்கி மாஸ்க் வச்சார். அன்னைல இருந்து தலை நகர்ந்தா, பொசிஷன் மாறுனா, அக்குள்ள ஸ்டெதஸ்கோப் வைக்காம நான் கைய எடுக்கறது இல்ல.

படி 7: ஓட்டுறது

வென்டிலேட்டர்னா பிரஷர் மோட்ல, கிலோவுக்கு 5-7 மி.லி. வர்ற மாதிரி, பீப் (மூச்சு வெளிய விட்டப்புறமும் நுரையீரல்ல நிக்கிற பிரஷர்) 4-5, நிமிஷத்துக்கு 30-40. நெஞ்சு லேசா ஏறுனா போதும். குறைமாசக் குழந்தைக்கு 100 சதவீத ஆக்சிஜன் விட்டுட்டே இருந்தா கண்ணு போகும், காத்து கலந்து 90-95 கிட்ட வைங்க. மலத்துவாரக் கேஸ்ல சிக்கல் பொதுவா இருக்காது, ஆனா உதரவிதானத்துல ஓட்டைன்னா மாஸ்க்ல ஊதவே கூடாது, பிரஷர் 25 தாண்டக் கூடாது, திடீர்னு சாச்சுரேஷன் விழுந்தா நல்லா இருக்கிற பக்கத்து நுரையீரல் வெடிச்சுதான்னு பாருங்க. உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் ஒட்டிக்கிட்ட கேஸ்ல டியூப் நுனி அந்த ஓட்டைக்குக் கீழ நிக்கணும், இல்லன்னா ஒவ்வொரு மூச்சும் வயித்துக்குப் போகும். இது ரெண்டும் தனியா எழுத வேண்டிய பெரிய சமாச்சாரம்.

படி 8: இதயம் மெதுவானா

இந்தப் பகுதிய மட்டும் ரெண்டு தடவை படிங்க. பச்சைக் குழந்தையோட இதயம் ஒரு அடிக்கு இவ்வளவுதான்னு கிட்டத்தட்ட நிலையா ரத்தம் தள்ளும், அதால அழுத்தி அடிக்க முடியாது, வேகமா அடிக்க மட்டும்தான் முடியும். 120-160 அதோட ஓட்டம். 100க்கு கீழ வந்தா ரத்த ஓட்டமே குறைஞ்சு போச்சுன்னு அர்த்தம், பிபி மெஷின் என்ன நம்பர் காட்டினாலும் சரி.

மெதுவான உடனே கை அட்ரோபினுக்குப் போகும், எல்லாருக்கும் போகும். நிறுத்துங்க. முதல் காரணம் ஆக்சிஜன் இல்லாததுதான், வேற எதுன்னு நிரூபிக்கிற வரைக்கும். 100 சதவீதம் ஆக்சிஜன், மெஷின கழட்டிட்டு ஜாக்சன் ரீஸ கையில எடுங்க, நெஞ்சு ஏறுதா, கோடு வருதா, டியூப் நகர்ந்துச்சா, சளி அடைச்சிருக்கா, ஒரு பக்கம் சத்தம் இல்லையா. அதே மூச்சுல சர்ஜன்கிட்ட "சார், கைய எடுங்க"ன்னு சொல்லுங்க, குடல இழுத்தா வேகஸ் நரம்ப தூண்டி இதயம் மெதுவாகும், விட்டதும் ஏறிடும். செவோவ மூடுங்க. இதெல்லாம் பதினஞ்சு செகண்ட்ல நடக்கணும், அதுக்கப்புறம் அட்ரோபின். 60க்கு கீழ போனா நெஞ்ச அழுத்தத் தொடங்குங்க, ரெண்டு கட்டை விரலால, நெஞ்சோட மூணுல ஒரு பங்கு ஆழம், பிறந்த குழந்தைக்கு மூணு அழுத்தத்துக்கு ஒரு மூச்சு, சுவத்துல எழுதின அட்ரினலின் 0.3 மி.லி. துணி அழுக்காகுமேன்னு சர்ஜன் பாக்கக் கூடாது, அவரே மேல இருந்து அழுத்தலாம்.

படி 9: திரவம், சர்க்கரை, ரத்தம்

வெறும் டி10 அ (10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், சர்க்கரைத் திரவம்) ஆபரேஷன் முழுக்க ஓட்டுறதும் தப்பு, வெறும் ஆர்எல் (ரிங்கர் லாக்டேட், உப்புத் திரவம்) மட்டும் ஓட்டி சர்க்கரைய மறக்கறதும் தப்பு. 500 மி.லி. ஆர்எல்ல 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 20 மி.லி. கலந்தா கிட்டத்தட்ட 1 சதவீதம், இத மணிக்கு கிலோவுக்கு 4 மி.லி. அடிப்படையா வச்சு, குடல் திறந்திருக்கிறதுக்கு ஏத்த மாதிரி தனியா சர்க்கரை இல்லாத ஆர்எல் சேத்துக்குவேன். என்ஐசியுல ஏற்கனவே டி10 ஓடுற குழந்தைக்கு அத திடீர்னு நிறுத்தாதீங்க. சர்க்கரை மணிக்கு ஒரு தடவை பாருங்க, 45க்கு கீழன்னா டி10 கிலோவுக்கு 2 மி.லி. மயக்கத்துல இருக்கிற குழந்தை சர்க்கரை எறங்குனா வேர்க்காது, அழாது, ஒண்ணும் காட்டாது.

சிரிஞ்ச் பம்ப் இல்லன்னா பியூரெட் செட், ஒரு தடவைக்கு 20 மி.லி.க்கு மேல நிரப்பாதீங்க. மருந்துக்கு அப்புறம் தள்ளுற ஃப்ளஷ்ஷையும் கணக்குல சேருங்க, 1 மி.லி.யா பத்து தடவை தள்ளினா அதுவே 10 மி.லி., 3 கிலோவுக்கு அது ஒரு மணி நேரத்துக்கு ஓடுற அளவு கிட்ட வந்துடும்.

உடம்புல மொத்த ரத்தம் கிலோவுக்கு 85 மி.லி. வச்சா 255 மி.லி., ஒரு டீ டம்ளர் ரெண்டு. ஹிமாடோக்ரிட் (ரத்தத்துல சிவப்பணு எத்தன சதவீதம்ங்கறது) 45 ல இருந்து 35 வரைக்கும் போக விடலாம்னா 57 மி.லி. தான் நஷ்டம் தாங்கும். அதனால நனைஞ்ச காஸ எடை போடுங்க, 1 கிராம் 1 மி.லி. சக்ஷன் பாட்டில பாத்து "ஒண்ணும் போகல சார்"னு சொல்றது பெரியவங்க கேஸ்ல செல்லும், இங்க செல்லாது.

பிறந்து மூணு நாலு வாரத்துல குடிச்சதெல்லாம் பீச்சி வாந்தி எடுக்கிற பைலோரிக் ஸ்டெனோசிஸ் (இரைப்பையோட வாசல் தடிச்சு அடைக்கிறது) வந்தா, ஆபரேஷன் அவசரம் இல்ல, ரத்தத்த சரி பண்றதுதான் அவசரம். குளோரைடு 100 கிட்ட வரணும், பைகார்பனேட் 30க்கு கீழ வரணும், அதுவரைக்கும் சர்ஜன் எத்தன தடவை கூப்பிட்டாலும் எடுக்காதீங்க, அந்த காரத்தன்மையோட எடுத்தா முடிஞ்சப்புறம் குழந்தை மூச்சு விட மறந்துடும்.

படி 10: வலி

குழந்தைக்கு வலி தெரியாதுன்னு ஒரு காலத்துல நம்பினாங்க, தசைய தளர்த்துற மருந்தும் கொஞ்சம் நைட்ரஸும் மட்டும் குடுத்து நெஞ்சத் திறந்திருக்காங்க. நம்ம இந்தியால படிச்சுட்டு ஆக்ஸ்ஃபோர்டு போன டாக்டர் ஆனந்த், ஃபெண்டானில் குடுத்த குறைமாசக் குழந்தைகள் குடுக்காதவங்கள விட நல்லா தேறுறாங்கன்னு 1987 ல காட்டினதுக்கு அப்புறம்தான் இது மாறுச்சு. நாப்பது வருஷம் கூட ஆகல.

ஹெர்னியாவுக்கு காடல் பிளாக் (முதுகோட அடில போடுற மரப்பு ஊசி) அருமை, 0.2 சதவீத ரோபிவகேன் கிலோவுக்கு 1 மி.லி. ஆனா நம்ம மலத்துவாரக் குழந்தைக்கு கைய வைக்காதீங்க, இவங்களுக்கு முதுகுத்தண்டுலயும் கோளாறு இருக்கலாம், அல்ட்ராசவுண்ட்ல முதுகு பாத்து சரின்னா மட்டும். இல்லன்னா சர்ஜன் வெட்டுற இடத்துல மரப்பு மருந்து போட்டு, பாராசிட்டமால். பச்சைக் குழந்தைக்கு புபிவகேன் கிலோவுக்கு 2 மி.கி. தாண்டக் கூடாது, ஊசிய சர்ஜன் எடுக்கிறதுக்கு முன்னாடி எத்தன மி.லி.ன்னு நீங்க சொல்லுங்க. மரப்பு மருந்து விஷமானா குடுக்க தியேட்டர்ல 20 சதவீத லிப்பிட் இருக்கான்னும் பாருங்க, கிலோவுக்கு 1.5 மி.லி.

குறைமாசக் குழந்தை ஹெர்னியாவுக்கு மயக்கமே இல்லாம முதுகுல ஸ்பைனலும் போடலாம், ஆனா முதுகுத்தண்டு இடுப்புப் பக்கத்து மூணாவது முதுகெலும்பு (எல்3) வரைக்கும் எறங்கியிருக்கும், எல்4-5 ல தான் போடணும், ஒரு மணி நேரம் சொச்சம்தான் நிக்கும். வேகமான சர்ஜன் வேணும்.

படி 11: எழுப்புறது

அவசரப்படாதீங்க. சூடு சரியா, சர்க்கரை சரியா, நியோஸ்டிக்மின் (தசைத் தளர்ச்சிய எடுக்கிற மருந்து) கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் அட்ரோபினோட குடுத்தாச்சா. கண்ண திறக்கணும், முகத்த சுளிக்கணும், தொடைய மடக்கித் தூக்கணும், மூச்சு சீரா வரணும். இருமுறது மட்டும் அடையாளம் இல்ல. பாதி மயக்கத்துல டியூப இழுத்தா குரல்வளை இறுகிடும், அப்ப மாஸ்க இறுக்கிப் பிடிச்சு 100 சதவீதம் ஆக்சிஜன், விடலைன்னா கொஞ்சம் சக்ஸா, லைன் இல்லன்னா தசையில கிலோவுக்கு 4 மி.கி. சந்தேகம் இருந்தா டியூபோட என்ஐசியுக்கு அனுப்புங்க, அது தோல்வி இல்ல.

கிளம்பறதுக்கு முன்னாடி லைன ஃப்ளஷ் பண்ணுங்க. த்ரீவேல தங்கின அட்ராக்யூரியம் வார்டுல சிஸ்டர் ஆன்டிபயாட்டிக் போடும்போது உள்ள போய் குழந்தை அங்க மூச்ச நிறுத்தும், அங்க யாரும் எதிர்பாத்திருக்க மாட்டாங்க.

படி 12: அன்னைக்கு ராத்திரி

20 செகண்ட் மூச்சு நின்னா, இல்ல கொஞ்ச நேரமே நின்னாலும் கூட இதயம் மெதுவானா, அது அப்னியா. சாச்சுரேஷன் மானிட்டர் காலைல வரைக்கும் கழட்டக் கூடாது, குறைஞ்சது 12 மணி நேரம் ஒரு தடவை கூட வராம இருக்கணும். குறைமாசக் குழந்தைக்கு கஃபீன் சிட்ரேட் (மூச்சத் தூண்டுற மருந்து) கிலோவுக்கு 20 மி.கி. முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. சிஸ்டர்கிட்ட எழுதிக் குடுக்கிறதோட வாயாலயும் சொல்லுங்க: நின்னா முதல்ல உள்ளங்கால சுண்டுங்க, எழும்பலைன்னா அம்பு பேக் (கையால மூச்சு குடுக்கிற பை), அப்புறம் எனக்கு போன். அம்பு பேக்கும் மாஸ்க்கும் தொட்டில்லயே இருக்கணும், அலமாரில இல்ல.

ஹெர்னியாக் குழந்தைய நல்லா முழிச்சதும் அம்மா மார்ல போட்டுடலாம், அழுகைக்கு அத விட மருந்து இல்ல. நம்ம கொலாஸ்டமி குழந்தைக்கு குடல் வேலை செய்யத் தொடங்கணும், பையில கருப்பா காட்டுமலம் வர்றத பாத்துட்டுதான் சர்ஜன் பால் குடுக்கச் சொல்லுவார். காலைல ரவுண்ட்ஸ் போகும்போது பாட்டி வாசல்லயே புடிச்சு "எப்பய்யா பால் குடுக்கலாம்?"னுதான் கேப்பாங்க, அதுவரைக்கும் அம்மாவ பால பீச்சி வைக்கச் சொல்லுங்க, சேனை மட்டும் வேண்டாம்னு பாட்டிகிட்ட இன்னொரு தடவை சொல்லிட்டு வாங்க.